கத்திரி வெயிலும் அறுபதைக் கடந்த தம்பதியரும்



மார்ச் மாதம் பிறந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். “வெயில் ஏறிடுச்சு, இனிமே நீங்க ரெண்டு பேரும் எங்கேயும் அலைய வேண்டாம், வீட்டிலேயே இருங்க.” சொல்பவர் மகனாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசும் மகளாகவும் இருக்கலாம். அந்தப் பேச்சில் உள்ள அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வெயில் காலம் என்பது கத்திரியின் இருபத்தைந்து நாளோடு முடிவதில்லை. மார்ச் இறுதியில் தொடங்கி ஜூன் முடிய நீள்கிறது. சில ஆண்டுகளில் ஜூலையிலும் வெக்கை விடுவதில்லை. ஆக, வருஷத்தில் மூன்று நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று எழுபது வயதுக்காரர்களிடம் சொல்கிறோம். அது எவ்வளவு பெரிய கட்டளை, அதனால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இன்று நான் உங்கள் முன் நிறுவ விரும்புவது ஒன்றே. கோடையில் வயதானவர்கள் நடப்பதையும் பயணம் போவதையும் நிறுத்த வேண்டியதில்லை. அவற்றின் நேரத்தை மாற்றினால் போதும். அப்படி மாற்றிய நேரத்தில் அவர்கள் வெளியே வரும்போது வழியில் நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் உட்கார ஓர் இடமும் இருக்க வேண்டும். முதல் பாதி அவரவர் கையில் இருக்கிறது. இரண்டாம் பாதி ஊரின் கடமை.

முதலில் நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் “சென்னையில் இன்று 38 டிகிரி” என்று சொல்லும்போது அது நுங்கம்பாக்கத்திலோ மீனம்பாக்கத்திலோ எடுத்த அளவு. நுங்கம்பாக்கத்திலிருந்து கடற்கரை நான்கைந்து கிலோமீட்டர்தான். ஆவடியும் பூந்தமல்லியும் கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கின்றன. கோடையில் சென்னையைக் காப்பாற்றுவது கடற்காற்று. காலையில் தரை சூடேறி, நிலத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி எழும்ப, கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. மெரினாவில் அது நண்பகலை ஒட்டி வந்துவிடும். அங்கிருந்து அம்பத்தூர் வரை வந்து சேர மேலும் நேரம் பிடிக்கும். மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று பாதி வழியிலேயே தடுக்கப்பட்டு, சாயங்காலம்தான் எட்டிப் பார்க்கும்; சில நாள் வருவதே இல்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவானது இப்படிப்பட்ட தரைக்காற்றுக் காலத்தில்தான். ஆகவே மேற்குப் புறநகர்வாசிகள் செய்தியில் வரும் எண்ணோடு ஒன்றிரண்டு டிகிரியைக் கூட்டிக்கொள்வது நல்லது. பிற்பகல் வெயில் தங்கள் தெருவில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கும் என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். மயிலாப்பூரில் நான்கரை மணிக்கு நடக்கப் போகிறவரைப் பார்த்து திருமுல்லைவாயில்காரர் அதே மணிக்குக் கிளம்பக் கூடாது.

சரி, வெளியே இவ்வளவு வெயில் என்றால் வீட்டுக்குள் இருப்பதுதானே பத்திரம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு உலகம் மிகவும் துயரமான முறையில் விடை கண்டிருக்கிறது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் சில நாள் வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர். பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களில் மிகப் பலர் தங்கள் வீடுகளிலும் முதியோர் இல்லங்களிலும், கூரைக்கு அடியில்தான் இறந்தார்கள். இப்படிப்பட்ட வெப்ப அலைகளில் நேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களை ஆராய்ந்த ஆறு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியானது. தினமும் வீட்டை விட்டு வெளியே வராதவர்களுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று அது காட்டியது. குளிர்ச்சியான ஓர் இடத்துக்குப் போய் வந்தவர்களுக்கும், நாலு பேரோடு பழகிக்கொண்டிருந்தவர்களுக்கும் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் கூர்மையாக யோசிப்பவர் ஒருவர் குறுக்கே கேட்பார்: வெளியே வராதவர்கள் ஏற்கெனவே நோயாளிகளாக இருந்திருப்பார்கள், நோய்தானே அவர்களைக் கொன்றது, வீடு என்ன செய்தது? ஓரளவு உண்மை. படுத்த படுக்கையானவர்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். வெளியே போயிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஆட்சேபத்தை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு விஷயம் அசையாமல் நிற்கிறது: வீடு தானாகவே யாரையும் காப்பாற்றவில்லை. நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் மொட்டை மாடி இரவு பதினோரு மணிக்கும் கீழே உள்ள அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு என்றால் சொல்லவே வேண்டாம். மின்விசிறி இருக்கிறதே என்றால், அது குளிர்ந்த காற்றை உண்டாக்குவதில்லை. இருக்கும் காற்றைச் சுழற்றுகிறது, வியர்வையை உலர்த்துகிறது. அறையின் சூடு 40 டிகிரியைத் தொட்டால் விசிறியை நம்ப வேண்டாம், அது உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. அதற்குக் கீழேயும் வியர்வை குறைந்த முதியவருக்கு வெறும் விசிறியால் கிடைக்கும் பலன் குறைவு. ஈரத் துண்டால் கையையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். ஏ.சி. உள்ள வீட்டில் வெப்பத்தின் ஆபத்து குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏ.சி.யால் தீராத இன்னொரு இழப்பு இருக்கிறது.

அது காலில் ஏற்படும் இழப்பு. சராசரி வயது 67 உள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. கோடையில் யாரும் படுத்தே கிடப்பதில்லையே என்று சொல்லலாம். 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. அதில் முதியவர்கள் படுக்கவில்லை. வீட்டில் வழக்கம்போல் இருந்தார்கள், அன்றாட நடையை மட்டும் நான்கில் ஒரு பங்குக்குக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் கால் தசையில் சுமார் 4 சதவீதம் போயிற்று. இன்சுலினுக்கு உடம்பு ஒத்துழைப்பதும் வெகுவாகக் குறைந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தியாவில் பத்துக் கோடி பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. இத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாட்டில், இரண்டு வாரத்துக்கே இந்த இழப்பு என்றால், மூன்று மாதத்துக்கு என்ன என்று யோசியுங்கள். இருபது வயதில் இழந்த தசையை ஒரு மாதத்தில் மீட்டுவிடலாம். எழுபதில் போனது முழுதாகத் திரும்புவது அரிது. கோடை முடிந்து ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவுக்குக் கிளம்பும் அம்மா பஸ் படியில் கால் வைக்கத் தடுமாறுகிறார் என்றால், வயது ஒரே காரணமில்லை. சித்திரையும் வைகாசியும் ஆனியும் நாற்காலியில் கழிந்தது பெரிய காரணம். கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நாம் வெயில் கணக்கில் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் வெயிலை நான் லேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வயதான உடம்பு சூட்டைத் தாங்கும் விதமே வேறு. வியர்வை தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கும். தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூட்டை வெளியேற்ற இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்தக் கையிருப்பு இதயத்தில் குறைந்திருக்கும். எல்லாவற்றையும்விட மோசம், தாகம் தெரியாது. உடம்பில் நீர் குறைந்த பிறகும் தாகம் எடுக்காமல் இருப்பது முதுமையின் இயல்பு. இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர் மனதுக்குள் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கிறது: “நாங்க எஸ்டேட்ல உலைக்குப் பக்கத்துல நின்னு ஷிஃப்ட் பார்த்தவங்க, இந்த வெயில் எங்களை என்ன செய்யும்?” 1960-களில் வந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் இந்த வட்டாரத்துக்கு ஒரு பெரிய உழைப்பாளித் தலைமுறையைத் தந்தன. அவர்களுடைய பெருமிதத்தை மதிக்கிறேன். ஆனால் உடம்பு வெப்பத்துக்குப் பழகுவது என்பது நிரந்தரச் சொத்து இல்லை. தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் சூட்டில் அளவோடு இயங்கினால் வியர்வை முன்கூட்டியே சுரக்கக் கற்றுக்கொள்கிறது, உப்பைக் குறைவாக இழக்கிறது, இதயத் துடிப்பு நிதானப்படுகிறது. அந்தச் சூட்டை விட்டு விலகினால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் கரைந்துபோகிறது. இருபது வருஷத்துக்கு முன் உலைக்கருகில் பெற்ற பழக்கம் இன்று துணைக்கு வராது. இதிலிருந்து கிடைக்கும் பாடம் என் பக்கத்துக்குச் சாதகமானது: மாசி, பங்குனியில் தினமும் கொஞ்சம் நடந்து பழகியவரைச் சித்திரை வெயில் அதிகம் வாட்டாது. இரண்டு மாதம் ஏ.சி. அறையில் இருந்துவிட்டு மே மாதம் திடீரென்று திருப்பதி வரிசையில் நிற்பவருக்குத்தான் ஆபத்து.

இனி நேரத்தின் கதை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. கத்திரி இல்லை, கோடையே இல்லை, புரட்டாசி மாதம். ஆனால் நிகழ்ச்சி காலை 11 முதல் பிற்பகல் 1 வரை. லட்சக்கணக்கானோர் நிழலில்லாத மணலில் நின்றார்கள். ஐந்து பேர் உயிர் போயிற்று, நூற்றுக்கணக்கானோர் மயங்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் ஹஜ் பயணத்தின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். குளிர்சாதனக் கூடாரமும் வாகனமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசு சொன்னது. வெயில் எல்லோருக்கும் பொது. நிழல் கிடைத்தவர், கிடைக்காதவர் என்ற வித்தியாசம்தான் அங்கே உயிரைத் தீர்மானித்தது. இதற்கு மறுபக்கத்தில் திருவண்ணாமலையை வையுங்கள். சித்ரா பௌர்ணமி வருவதே ஏப்ரல், மே மாதத்தில். லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார்கள், அறுபது எழுபது வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில். பெருங்கூட்டம் நடப்பது சூரியன் சாய்ந்த பிறகு, இரவெல்லாம். அதே பாதையைப் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கூட்டம் நடந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடையில் ஊரை முடக்காமல் மணியை மாற்றிக்கொள்ளும் அறிவு நம் பண்டிகைகளுக்குள்ளேயே இருக்கிறது. நம் கோயில்களும் விடியலில் திறந்து, உச்சிக்காலம் முடிந்ததும் நடை சாத்தி, சாயங்காலம் மறுபடியும் திறக்கின்றன. தெய்வத்துக்கு வைத்த அந்த மணிக்கணக்கைப் பக்தர்களும் தங்கள் உடம்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நம் வட்டாரத்து முதிய தம்பதிகள் பலர் விரும்பிப் போகும் ஒரு நாள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில் காலையில் மீஞ்சூர் பக்கம் மேலூரில் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பது வழக்கம். இது வெயிலை நினைத்து வகுத்த வழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள். காலை இளவெயிலில் முதல் கோயில். நண்பகலில் கடற்காற்று முதலில் எட்டும் கடலோர ஊர். பொழுது சாய்ந்த பிறகு உள்நாட்டு ஊர். ஆவடியிலோ அம்பத்தூரிலோ ரயில் ஏறினால், வழியில் மாறி, மூன்று ஊருக்கும் பெரும்பாலும் புறநகர் ரயிலிலேயே போய்விடலாம். கெட்டுப்போவது எங்கே? உச்சிவேளை தரிசனம் முடிந்தவுடன், “சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்” என்று ஒரு மணி வெயிலில் ஸ்டேஷனுக்கு நடக்கிறார்களே, அங்கே. திருவொற்றியூரிலேயே ஒரு நிழலில் சாப்பிட்டு, நாலு மணி வரை உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் அந்த நாளின் ஆபத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இதய நோய் உள்ளவர்கள் மூன்றையும் மூன்று பௌர்ணமிக்குப் பிரித்துக்கொள்ளட்டும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். “வெயில் காலத்தில் கோயிலுக்கே போகாமல் இருந்துவிடுங்களேன்” என்ற யோசனையும் இந்த ஊரில் எடுபடாது. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் இருக்கிறார். காப்பைக் களைந்து நிஜரூப தரிசனம் கிடைப்பது சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான். சித்திரையில் வராதே என்று எழுபது வயது பக்தையிடம் யார் சொல்ல முடியும்? விடியற்காலையில் வாருங்கள் என்று சொல்லலாம்.

கோயில் என்றதும் காலைப் பற்றி ஒரு வார்த்தை. பதினோரு மணி வெயிலில் வெளிப் பிராகாரத்துக் கருங்கல் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும். நல்ல உணர்ச்சி உள்ள பாதம் துள்ளி ஒதுங்கிவிடும். பல வருஷம் சர்க்கரை நோய் இருந்து பாத நரம்பு மரத்துப்போனவருக்குச் சூடே உறைக்காது. அவர் நிதானமாக மூன்று சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, இரவில் பாதத்தில் கொப்புளம் எழும்பியிருப்பதைப் பார்ப்பார். அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலைக்குப் போவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த பாதை. தென்னை நார் விரிப்பும் வெள்ளைப் பூச்சும் போட்ட கோயில்கள் இருக்கின்றன. அவை எல்லாக் கோயில்களிலும் மார்ச்சிலேயே வர வேண்டும். வரும்வரை, மரத்த பாதம் உள்ளவர்கள் காலை ஏழரை மணிக்குள் சுற்றை முடித்துவிடுங்கள். தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்பதிலும் தவறில்லை.

இரண்டு பேராகப் போவதில் ஒரு பெரிய காப்பு இருக்கிறது. வெப்பம் மூளையைத் தாக்கும்போது முதலில் தெரிவது குழப்பம். பேச்சு தடுமாறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், போகும் வழி மறந்துபோகும். தாக்கப்பட்டவருக்கு அது தெரியாது. தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். பக்கத்தில் நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர் இருந்தால் முதல் நிமிஷத்திலேயே “ஏங்க, என்ன ஒரு மாதிரி பேசுறீங்க?” என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி எழுந்தவுடன் கோயிலும் ரயிலும் மற்றதெல்லாம் பிறகு. நிழலுக்குக் கூட்டிப்போய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 108-க்கு அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, புரையேறிவிடும். ஆனால் ஜோடியாகப் போவதில் ஓர் ஆபத்தும் உண்டு. இருவரில் பலசாலியின் வேகம்தான் பயணத்தின் வேகமாகிவிடுகிறது, மற்றவர் சொல்லாமல் இழுபடுகிறார். நம் வீடுகளில் அந்த மற்றவர் பெரும்பாலும் மனைவி. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கூச்சப்படாமல் பொது மேடையில் பேச வேண்டிய விஷயம். பயணம் கிளம்பும் நாளில் நம் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தாகத்தைப் பற்றிய அறியாமை இல்லை அது. வழியில் போக நல்ல கழிப்பறை இருக்காது என்ற அனுபவ அறிவு. கைப்பையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும், மூடி திறக்கப்படாமலே வீடு திரும்பும். அவர்களிடம் “நிறைய தண்ணீர் குடியுங்கள்” என்று சுவரொட்டி ஒட்டுவதில் பயனில்லை. ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் பூட்டப்படாத, தண்ணீர் வரும், சுத்தமான கழிப்பறை இருந்தால் அவர்களே குடிப்பார்கள். வெயில் காலத்தில் உயிர் காக்கும் வசதிகளில் கழிப்பறையைத் தண்ணீர்ப் பந்தலுக்குச் சமமாக நான் வைப்பேன்.

தண்ணீரிலும் எல்லோருக்கும் ஒரே அளவு சொல்லக் கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் வரம்பு வைத்திருப்பார். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர் சாதாரண நாளைவிட வெயில் நாளில் சீக்கிரம் வறண்டுபோவார். சில ரத்த அழுத்த மாத்திரைகள் இதயத் துடிப்பு கூடவேண்டிய நேரத்தில் கூடவிடாது. சில மனநல, ஒவ்வாமை மருந்துகள் வியர்வையையே குறைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்துவது வெயிலைவிட ஆபத்து. பங்குனி பிறப்பதற்குள் ஒருமுறை மருத்துவரிடம், “கோடைக்கு இந்த மருந்துகளில் ஏதாவது மாற்றம் உண்டா, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அதைக் கொண்டுவரும் தன்னார்வலர் மார்ச் மாதம் இந்தக் கேள்வியையும் கூடவே கொண்டுவந்தால் அரசுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

விடியற்காலை என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள், எங்கள் தெருவில் அந்த நேரத்தில் நாய்க்கூட்டம், எரியாத விளக்கு, சங்கிலிப் பறிப்பு, தோண்டிப் போட்ட சாக்கடைப் பள்ளம் என்று சொல்பவர்கள் இருக்கிறீர்கள். காலையில் ஈரப்பதம் அதிகம், வியர்வை உலராது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவதற்குப் பதில் சுலபம். ஈரப்பதம் கூடுதல்தான், ஆனால் சூரியன் தலையில் இல்லை, காற்றும் உடம்பைவிட எட்டு ஒன்பது டிகிரி குளிர்ந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் போதும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். முதல் ஆட்சேபம் கனமானது. அதற்குச் சூரியன் பாதி பதில் தருகிறது: மே மாதத்தில் சென்னையில் 5.45 வாக்கில் பொழுது விடிந்துவிடும், ஐந்தே கால், ஐந்தரைக்கே கண் தெரியும் வெளிச்சம் வந்துவிடும். இருட்டில் போகத் தேவையில்லை. ஐந்தரையிலிருந்து ஏழு வரை நம் கையில் முழுதாக ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. மீதிப் பாதி பதிலை மாநகராட்சிகள்தான் தர வேண்டும். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது; ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டார்களே, அது நல்ல காரியம். 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதையை வகுத்தது, அதுவும் நல்லது. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு எட்டு கிலோமீட்டர் வேண்டாம். தன் வீட்டிலிருந்து பூங்கா வரைக்கும் உள்ள அரை கிலோமீட்டர் வேண்டும். அதில் பள்ளமில்லாத நடைபாதை, இருநூறு அடிக்கு ஒரு இருக்கை, புங்கமோ வேம்போ தரும் நிழல், விடியும் முன்பே திறக்கும் பூங்காக் கதவு. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை, யாராவது ஒரு முதியவரோடு அந்த அரை கிலோமீட்டரை நடந்து பார்த்தால் போதும்.

கடைசியாகப் பணம். பயணம் போகும் தம்பதி என்றால் ஊட்டிக்குக் கார் வைத்துப் போகிறவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. சென்னையில் வசிக்கும் அறுபது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு திருவேற்காட்டுக்கும் மாங்காட்டுக்கும் திருமழிசைக்கும் போகிறவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். நெடுந்தூர ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 சதவீதம் என்று இருந்த அந்தச் சலுகை இருந்தால் இரவு ரயிலில் படுத்துப் போகக்கூடியவர்கள் பலர். அது இல்லாததால் பகல் நேரத்து முன்பதிவில்லாப் பெட்டியில் இடிபட்டுப் போகிறார்கள். இதை வெயிலோடு சம்பந்தப்பட்ட கோரிக்கையாகவே ரயில்வேயிடம் வைக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் தருவதாகவும் சொன்னது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு, ஆனால் அந்தப் பணம் இறந்த பிறகு வருவது. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்த பின்னர், அந்த நகரம் 2013-இல் நாட்டின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது: முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவமனைகளுக்குப் பயிற்சி, தண்ணீர் இடங்கள். இறப்புக்கு முன்பே செலவிடும் வழி அது. இணையவழி விநியோக ஊழியர்களுக்காகச் சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறை திறந்ததே, அதே போல ஒன்று அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்திலும், ஆவடி நிலையத்திலும், பூந்தமல்லி நிலையத்திலும் பகல் பதினொன்று முதல் நாலு வரை எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். ஒரு மேசை விசிறி, நாலு பெஞ்சு, பானைத் தண்ணீர், பக்கத்தில் கழிப்பறை, ஏ.சி. கிடைத்தால் சரி, இல்லாவிட்டாலும் இது போதும். இந்த ஏப்ரலுக்குள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். தம்பதியாகப் போய்க் கேளுங்கள், விடியற்காலை நடை முடிந்த கையோடு.